பொன் விளிம்பு வைத்த கண்

"கையெழுத்துப் போட இவ்வளவு நேரமா ஆச்சி? என் கார் டிரைவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். அவன்கூட இதுக்குள்ள போட்டிருப்பான்."

டாக்டர் மெய்யநாதன் காகிதத்தை மேஜைமேல் இன்னும் ஒரு சாண் தள்ளினார். அதன்மேல் தன் பேனாவையும் வைத்தார். மூடியைக் கழற்றியே வைத்தார்.

நாச்சியம்மை பேனாவைத் தொடவில்லை. காகிதத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். நாலே வரிதான். "சொர்ணவல்லி என்ற ஆராய்ச்சி மாணவி, தான் செய்ததாகச் சொன்ன ஒளிக்கண் வேலை செய்யாது என்பது வெளிப்பட்டுவிடுமே என்று பயந்து, பரீட்சகர் வருவதற்கு முந்தின நாள் தானே அதைத் தரையில் போட்டு உடைத்துவிட்டாள் என்று நேரில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்." கீழே அவள் பெயருக்குக் கோடு போட்டு இடம் விட்டிருந்தது.

"விசாரிச்சுத் தெரிஞ்சுகிட்டேன்னு எழுதியிருக்கீக. நான் வந்து பத்து நிமிஷம் ஆகலை. இன்னும் மோர்கூடக் குடிச்சு முடிக்கலை."

"மோர் குடுக்கவே இல்லை ஆச்சி," என்றான் பின்னால் நின்ற பெத்தாச்சி. "முடிக்கிறது எங்குட்டு?"

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கதவு இடுக்கில் புகுந்த பூனையைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

பெத்தாச்சிக்கு இது பழக்கம். நாச்சியம்மைக்கு உதவியாள் ஆன இந்த நாலு வருஷத்தில் காரைக்குடிப் பெரிய வீடுகளில் அவன் வாங்காத பார்வை இல்லை. அதற்கு முன் பதினோரு வருஷம் டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டியவன். கூடாரம் முழுக்க விசிலடித்துத் திட்டியபோதும் நிதானமாக ரீலை ஒட்டியவன். நாச்சியம்மையோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினாறு வருஷம் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்தவள். யார் பொய் சொல்கிறார்கள் என்பது அவளுக்குப் பேச்சில் தெரிய வேண்டியதில்லை. பேசுவதற்கு முன் இழுக்கும் மூச்சிலேயே தெரிந்துவிடும் என்பாள். எக்ஸ்சேஞ்சை விட்டு வந்தபின் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே அவள் தொழிலாகிவிட்டது.

ஆனால் காணாமல் போகாத ஒன்றுக்காக அவளைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"பல்கலைக்கழகத்துக்கு வெளியாள் ஒருத்தர் சாட்சி வேணும். அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன்," என்றார் டாக்டர். "துப்பறியறதுக்கு இல்லை. மூணு மணிக்குப் பெங்களூர்ல இருந்து பரீட்சகர் வாரார். இப்ப மணி ஒண்ணு."

"அப்ப ரெண்டு மணி நேரம் இருக்கு," என்று நாச்சியம்மை எழுந்தாள். "உடைஞ்ச இடத்தைக் காட்டுங்க."

வைரவன் கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் என்று வாசலில் பலகை தொங்கினாலும், அது ஒரு பழைய செட்டியார் வீடுதான். முன்கட்டான முதல் வளவில் டாக்டரின் அலுவலகம். இரண்டாங்கட்டில் ஆராய்ச்சிக்கூடம். அந்தக் கூடத்தின் நிலைப்படிக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். கைத்தறிச் சேலை, மார்போடு அணைத்த ஒரு தடித்த புத்தகம். அழுது முடித்து, இனி அழ ஒன்றும் இல்லை என்ற நிலையில் இருந்த முகம்.

"இவதான்," என்றார் டாக்டர். "உள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். சாவியை வாங்கியாச்சு."

"நாலு வருஷமா இங்கதான சார் இருந்தேன்," என்றாள் சொர்ணவல்லி.

"நாலு வருஷமா என்னை ஏமாத்தின. அதைச் சொல்லு."

நாச்சியம்மை அவளைத் தாண்டி உள்ளே போனாள். நடுவில் நீள மேஜை. அதன்மேல் சைக்கிள் சங்கிலியில் ஓடும் ரப்பர் பட்டை. பட்டைக்கு மேலே ஒரு விளக்கு. அதற்குப் பக்கத்தில், கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை. பட்டையின் முனையில் ஒரு இரும்புக் கை, மூன்று விரலோடு, கொக்கு கழுத்தை வளைப்பதுபோல் வளைந்து நின்றது.

"இது என்ன பண்ணும் தாயி?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள் நாச்சியம்மை.

சொர்ணவல்லி டாக்டரைப் பார்த்தாள். பிறகு நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே சொன்னாள். "தரையில பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லை இந்தப் பட்டையில வரிசையா விடுவோம் ஆச்சி. கண் பார்க்கும். கல்லு மஞ்சளா இருந்தா வெளிச்சம் அதிகமாத் திரும்பி வரும், சிவப்பா இருந்தா கம்மியா வரும். அதை வச்சுக் கண்ணு கைக்குச் சொல்லும். மஞ்சளை வலது பெட்டியில போடும், சிவப்பை இடது பெட்டியில. ஆள் வேண்டாம்."

"கல்லுப் பிரிக்கிற ஆளுக்கு வேலை போச்சு," என்றான் பெத்தாச்சி.

"நிறம் பிரிக்கிறது கண்ணைக் கெடுக்கிற வேலை அண்ணே. பொழுதன்னிக்கும் பார்த்துப் பார்த்து நாப்பது வயசுக்கு மேல ஒண்ணும் தெரியாது. எங்க அப்பாவுக்கு அப்படித்தான் போச்சு. அவர் பார்த்தது பொன் வேலை."

டாக்டர் சிரித்தார். "பாத்தீகளா? பத்தர் மகள். பட்டறையில ஊதுகுழல் பிடிச்ச கை. மெஷினுக்குக் கண்ணு வைக்க வந்துட்டா."

பெத்தாச்சிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அவன் பார்வையைக் கீழே இறக்கினான். அப்போதுதான் தரை அவன் கண்ணில் பட்டது. கல் அறுத்த மாவு மெல்லிய படலமாக எங்கும் படிந்திருந்தது. காலையில் கூட்டிய துடைப்பத்தின் கோடுகள் அதில் விசிறி விசிறியாகத் தெரிந்தன.

"ஆச்சி," என்றான் மெதுவாக. "இந்த வீட்ல துடைப்பத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

நாச்சியம்மை ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உடைஞ்ச கண்ணாடி எங்க டாக்டர்?"

"காலையிலேயே கூட்டி வெளியில கொட்டச் சொல்லிட்டேன். கால்ல குத்திடாது? பொன்னுத்தாயி!"

கூட்டுகிற பொன்னுத்தாயி தூணுக்குப் பின்னாலிருந்து வந்தாள். ஐம்பது வயது, நரைத்த தலை, இடுப்பில் துடைப்பம்.

"கொட்டிட்டியா?"

"கொட்டிட்டேன் சார்."

சொல்வதற்கு முன் அவள் ஒரு மூச்சு இழுத்தாள். நாச்சியம்மையின் தலை லேசாகச் சாய்ந்தது. பதினாறு வருஷம் கருவி மாட்டிய பக்கம் அது.

டாக்டர் அலுவலகத்துக்குத் திரும்பினார். "அரை மணி நேரம். அதுக்குள்ள கையெழுத்து என் மேஜையில இருக்கணும்."

அவர் செருப்புச் சத்தம் மறைந்ததும் நாச்சியம்மை பொன்னுத்தாயியிடம் போனாள். "குப்பையைக் கொட்டணும்னா வாசலைப் பார்த்துக் கூட்டணும். நீ வாசல்ல இருந்து உள்பக்கமாக் கூட்டியிருக்க. கோடெல்லாம் அந்த அலமாரி மூலைக்குப் போகுது. எந்த வீட்டு வழக்கம் இது?"

 சொர்ணவல்லிதான் சொன்னாள். "எங்க வீட்டு வழக்கம் ஆச்சி. பட்டறைத் தூசியைத் தெருவுக்கு அனுப்ப மாட்டோம். அதுல பொன் இருக்கும். இங்கயும் பொன் கம்பி வெட்டுறதால அக்காளுக்கு அப்படியே சொல்லிக் குடுத்தேன். உள்பக்கமாக் கூட்டி, தாள்ல மடிச்சு, தேதி போட்டு வைக்கணும். மாசத்துக்கு ஒருக்க அப்பா வந்து அலசி எடுப்பார்."

"கண்ணுக்குப் பொன் எதுக்கு?" என்றான் பெத்தாச்சி.

"தட்டைக் கண்ணாடிமேல ஒரு மஞ்சள் பூச்சு. வெளிச்சம் பட்டா அதுல மின்சாரம் ஓடும். அதை வெளியே எடுக்க ரெண்டு பக்கமும் விளிம்பு வேணும். வேற எதை வச்சாலும் கறுத்துப்போகுது. அப்பா முடியளவு மெல்லிசாக் கம்பி இழுத்துக் குடுத்தார். பொன் விளிம்பு."

நாச்சியம்மை பொன்னுத்தாயியை விடவில்லை. "கொட்டச் சொன்னாரு. நீ கொட்டலை."

"கை பழகிப்போச்சு ஆச்சி," என்றாள் பொன்னுத்தாயி குரலே வராமல். "மூணு வருஷமா மடிச்ச கை. கொட்டத்தான் போனேன். பார்த்தா மடிச்சு வச்சிருக்கேன். சார்ட்ட சொல்லிறாதீக. இன்னைக்கே நிறுத்திப்புடுவாரு."

அலமாரியைத் திறந்தாள். உள்ளே பீடிக்கட்டுப்போல் சின்னச் சின்னத் தாள் பொட்டலங்கள் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. மேல் தட்டில் இன்றைய பொட்டலம், மற்றவற்றைவிடக் குண்டாக.

அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டுத் தட்டச்சுத் தாள்கள் கிடந்தன. பெத்தாச்சி சும்மா புரட்டினான். நடுவில் இருபது பக்கத்துக்கு மேல் சிவப்புப் பென்சிலால் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டிருந்தது.

"யாரு இது, படத்துல இவ்வளவு கட் பண்ணினது? சென்சார் ஆபீசரா?"

"மூணாவது அத்தியாயம்," என்றாள் சொர்ணவல்லி. "நான் செஞ்ச கண்ணுக்கு ஒரு குறை உண்டு அண்ணே. அதைப் பத்தி எழுதினேன். முதல் பக்கத்தைப் பார்த்துட்டு, நம்ம குறையை நாமளே சொல்லக்கூடாது, வெட்டுன்னு சார் அடிச்சிட்டார். மேல படிக்கலை."

"என்ன குறை?" என்று கேட்டாள் நாச்சியம்மை.

சொர்ணவல்லி சொன்னாள். ரொம்ப நேரம் இல்லை, ரெண்டு நிமிஷம்தான் சொன்னாள். பெத்தாச்சி வாயைப் பிளந்து கேட்டான். பிறகு தொடையில் தட்டினான். "அடப் பாவி! இது மேட்னி ஷோ விட்டு வெளிய வந்தவன் கதைல்ல?"

"சத்தம் போடாத," என்றாள் நாச்சியம்மை. ஆனால் அவள் கண் சிரித்தது. "வெட்டிட்டியா தாயி?"

சொர்ணவல்லி மார்போடு அணைத்திருந்த புத்தகத்தை இன்னும் இறுக்கினாள். "இல்லை ஆச்சி. பைண்டிங்குக்குக் குடுக்கிறப்ப அதையும் சேர்த்தே குடுத்தேன். பரீட்சகருக்குப் போன பிரதியிலயும் இருக்கு. சார் திறந்தே பார்க்கலை. பொய் சொல்ல மனசு வரலை. அதுக்கே இன்னைக்கு வெளிய நிக்கிறேனோ என்னமோ."

"லாம்பரட்டா ஸ்கூட்டரை எடு," என்றாள் நாச்சியம்மை பெத்தாச்சியிடம். "பத்தரைக் கூட்டிட்டு வா. அலசுற சட்டியோட."

இருபது நிமிஷத்தில் மீனாட்சிசுந்தரம் பத்தர் வந்து சேர்ந்தார். லாம்பரட்டாவின் பின்னால் உட்கார்ந்து, சட்டியைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பின்கட்டுக் கிணற்றடியில் குந்தி, முதலில் முந்தாநாள் பொட்டலத்தைச் சட்டியில் கொட்டினார். தண்ணீர் விட்டார். சட்டியைச் சாய்த்து, சுழற்றி, மேல் தண்ணீரை வடித்தார். மறுபடி சுழற்றினார். கண் மங்கியவருக்குக் கை மட்டும் மங்கவே இல்லை. கடைசியில் சட்டியின் அடியில் கறுப்பு மண்ணின் ஓரம் ஒரு மயிரிழை மஞ்சளாக மின்னியது.

"இது வெட்டின கம்பி," என்றார். "எந்தத் தூசியிலயும் ஒரு துளி இருக்கும்."

"இப்ப இன்னைக்குள்ளது."

கண்ணாடித் தூள்களை விரலால் ஒதுக்கிவிட்டு அலசினார். சுழற்றினார். இன்னும் சுழற்றினார். சட்டி காலியாகும்வரை சுழற்றினார். அடியில் மண் மட்டும் இருந்தது.

"பொன் இல்லை," என்றார் பத்தர்.  "ரெண்டு விளிம்பு வச்சுக் குடுத்தேன் ஆச்சி. தூளானாலும் எங்குட்டும் போகாது. கனம், அடியில நிக்கும். இது என் மகள் செஞ்ச கண்ணே இல்லை."

"ஆக, உடைஞ்சது வேற எதோ ஒரு கண்ணாடி," என்றான் பெத்தாச்சி. "நெசக் கண்ணு நடந்து போயிருக்கு."

"நல்லா நடந்திருக்கு!"

அந்தக் குரல் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் மெய்யநாதன் கதவில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. முதலில் பொன்னுத்தாயியைப் பார்த்தார். அவள் துடைப்பத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். பிறகு சட்டியைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சிரித்தார்.

"பொன் வச்ச கண்ணு. உடைஞ்சு கிடக்கு. பொன்னை மட்டும் காணோம். அலசினவன் யாரு? பத்தர். ஆச்சி, நீங்க பெரிய துப்பறியற ஆளுதான். நான் மாணவி மேல மட்டும்தான் எழுதினேன். நீங்க அப்பனையும் சேர்த்துக் குடுத்துட்டீக. இப்பவே ஸ்டேஷனுக்குப் போன் போடுறேன்."

பத்தரின் கையிலிருந்து சட்டி நழுவிக் கிணற்றடிக் கல்லில் உருண்டது.

"சார்!" சொர்ணவல்லி ஓடிவந்தாள். "அப்பாவை இழுக்காதீங்க சார். காகிதத்தைக் குடுங்க. நானே எழுதித் தாரேன். நான்தான் உடைச்சேன். கண்ணு வேலை செய்யலை. எல்லாம் பொய். பட்டம் வேண்டாம். அப்பாவை விட்டுருங்க."

  பெத்தாச்சி நாச்சியம்மையைப் பார்த்தான். அவளோ தோற்றுப்போனவள்போல் தலையைக் குனிந்துகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி டாக்டர். நீங்க சொல்றதுதான் சரி. நான் கையெழுத்துப் போட்டுடறேன். ஆனா ஒரு சந்தேகம். மூணு மணிக்குப் பரீட்சகர் வந்தா வெறுங்கையையா காட்டுவீக?"

"வெறுங்கையா?" டாக்டர் நிமிர்ந்தார். "இந்தப் புள்ளை செஞ்சுதான் தீரணும்னு நான் உட்கார்ந்திருக்கலை. நானே ஒரு கண்ணு செஞ்சு வச்சிருக்கேன். என் சொந்த அறையில. நிலையத்து மானத்தைக் காப்பாத்த அதை மாட்டிக் காட்டப்போறேன்."

"அதை எப்ப செஞ்சீக? நாளைக்கு யாராச்சும், உடைஞ்சப்புறம்தானே இது வந்துச்சுன்னு நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசுவாக."

"எவன் பேசுவான்? முப்பது நாளா என் மேஜை விளக்குக்கு அடியில இருக்கு. சோதனைக்காக ராப்பகலா எரியுது. ஒரு நிமிஷம் அணைச்சது இல்லை."

"அதை ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. உங்க கையெழுத்தோட. அதுக்கும் கீழ சாட்சியா நான் போட்டுடறேன். ரெண்டு காகிதமும் சேர்ந்து போனா ஒருத்தனும் வாய் திறக்க முடியாது."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவும் ஒரு காகிதமும் எடுத்தார். கிணற்றுச் சுவரிலேயே வைத்து எழுதி, கையெழுத்தும் போட்டார். நாச்சியம்மை அதை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"உங்க கையெழுத்து?" என்றார் டாக்டர்.

"கண்ணு வேலை செய்யறதைப் பார்த்துட்டுப் போடறேன். காணாததுக்குச் சாட்சி சொல்லிப் பழக்கமில்லை."

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பரீட்சகர் அழகுசுந்தரம் வந்தார். குட்டையான மனிதர், கையில் குடை, கழுத்தெல்லாம் வியர்வை. வந்ததும் வராததுமாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஏழு மணிக்கு மதுரையில ரயில். மாணவி எங்க? அதென்ன, வெளிய நிக்கிறாங்க?"

"அது ஒரு வருத்தமான கதை," என்றார் டாக்டர். கதையை அழகாகச் சொன்னார். மாணவி, பயம், உடைத்த கண், பத்தர், பொன். கேட்கக் கேட்கப் பரீட்சகரின் முகம் சுருங்கியது. நிலைப்படிக்கு வெளியே நின்ற சொர்ணவல்லியை அவர் பார்த்த பார்வை, டாக்டரின் பார்வையைவிடக் கொடுமையாக இருந்தது. பத்தர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். கறுப்புத் தாளைப் பிரித்தார். உள்ளே புதிதாகச் செய்த பித்தளை உறையில் ஒரு கண். அதை மேஜைத் துளையில் பொருத்தித் திருகினார். விளக்கைப் போட்டார். பட்டை ஓடத் தொடங்கியது.

முதல் கல், மஞ்சள். இரும்புக் கை குனிந்து எடுத்து வலது பெட்டியில் வைத்தது.

"பாத்தீகளா," என்றார் டாக்டர்.

இரண்டாவது கல், சிவப்பு. கை குனிந்தது. எடுத்தது. வலது பெட்டியில் வைத்தது.

மூன்றாவது, சிவப்பு. வலது பெட்டி. நான்காவது, அதே சிவப்பு, அதே வலது பெட்டி.

"கல்யாண வீட்டுக் கை மாதிரி எல்லாத்தையும் ஒரே பக்கம் அள்ளுது," என்றான் பெத்தாச்சி.

"வோல்டேஜ் சரியில்லை," என்றார் டாக்டர். நெற்றியில் வேர்த்திருந்தது. "இந்த ஊர்க் கரண்டு இப்படித்தான். அணைச்சுட்டுச் சாயங்காலம் பார்ப்போம்." விளக்கின் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார். சுவிட்சுக்கும் அவருக்கும் நடுவில் பெத்தாச்சி வந்து நின்றான். தற்செயலாக நின்றவன்போல் சுவரில் சாய்ந்து காது குடைந்தான்.

"தள்ளுடா!"

"ஓடுற படத்தை நடுவுல நிறுத்தினா டிக்கெட்டுக் காசைத் திருப்பிக் குடுக்கணும் டாக்டர்."

"கரண்டு மேல பழி போடாதீக," என்றாள் நாச்சியம்மை. "பெத்தாச்சி, மேட்னி ஷோ விட்டு மூணு மணி வெயில்ல வெளிய வாரவனுக்கு எப்படி இருக்கும்?"

"கண்ணு கூசும் ஆச்சி. ரோடு, சுவரு, எருமை மாடு, எல்லாமே பளபளன்னு வெள்ளையாத் தெரியும். கொஞ்ச நேரம் போனாத்தான் எருமை எருமையாகும்."

"இந்தக் கண்ணுக்கும் சிவப்பு மஞ்சளாத் தெரியுது. இதுவும் இப்பத்தான் இருட்டை விட்டு வந்திருக்கு."

பரீட்சகர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். குடையைக் கீழே போட்டார். பையிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்து மளமளவென்று புரட்டினார். "மூணாவது அத்தியாயம்," என்று முணுமுணுத்தார். "நான் ரயில்ல ரெண்டு தடவை படிச்சது. இருட்டின் ஞாபகம்."

டாக்டரின் முகம் வெளிறிப்போனது. "அது... அதை நான் வெட்டச் சொன்னேனே!"

"வெட்டலை சார்," என்றாள் சொர்ணவல்லி.

பரீட்சகர் அவள் பக்கம் திரும்பினார். இப்போதும் அவர் குரலில் கனிவு இல்லை. "இது உங்க கண்ணுன்னா ஒரு கேள்வி. எப்ப சரியாகும்?"

"எவ்வளவு நேரம் இருட்டில இருந்துச்சோ அதைப் பொறுத்தது சார். நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பூட்டிட்டுப் போனேன். அப்பவே எடுத்து டப்பாவில வச்சிருந்தா இருபத்தோரு மணி நேரம்." அவள் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. "விளக்குப் போட்டதுல இருந்து பதினோரு நிமிஷம். வேற யாரோட கண்ணா இருந்தா எனக்குத் தெரியாது."

"இப்ப நாலு நிமிஷம் ஆச்சு," என்று பரீட்சகர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சிவப்பு மட்டும் விடுங்க."

பொன்னுத்தாயி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, சிவப்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பட்டையில் வைத்தாள். கை எடுத்தது, வலது பெட்டியில் போட்டது. ஐந்து நிமிஷம். ஏழு.  சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்பது நிமிஷம், வலது பெட்டி. பத்து நிமிஷம், வலது பெட்டி. டாக்டரின் உதட்டோரம் மறுபடி சிரிப்பு எட்டிப் பார்த்தது. பத்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த கல் விளக்குக்குக் கீழே வந்தது. இரும்புக் கை குனிந்தது, எடுத்தது, நடுவில் ஒரு கணம் நின்றது. தயங்குவதுபோல் இருந்தது. பிறகு கழுத்தை வளைத்து இடது பக்கம் திரும்பியது.

டக்.

காலியாகக் கிடந்த இடது பெட்டியில் முதல் சிவப்புக் கல் விழுந்தது.

பரீட்சகர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு நிமிஷம், பத்து வினாடி."

"வினாடி எனக்குத் தெரியாது சார்," என்றாள் சொர்ணவல்லி.

அதற்குப்பின் வந்த ஒரு கல்கூடத் தப்பவில்லை.

நாச்சியம்மை இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பரீட்சகரிடம் கொடுத்தாள். "டாக்டர் கைப்பட எழுதினது. முப்பது நாளா விளக்குக்கு அடியில எரியுதாம், ஒரு நிமிஷம் அணைக்கலையாம். கண்ணு வேற கதை சொல்லுது. நேத்து ஆறு மணியில இருந்து இருட்டுல கிடந்தேங்குது. நாலு வருஷம் வழிகாட்டியா இருந்தவரு அந்த இருபது பக்கத்தைப் படிச்சிருந்தா, திருடினதை விளக்குக்கு அடியிலயே வச்சிருப்பாரு. நாங்களும் மோர் கிடைக்காமலே வீட்டுக்குப் போயிருப்போம்."

"உறையைக் கழட்டினா என் விளிம்பு இருக்கும்," என்றார் பத்தர் மெல்ல.

"கழட்ட வேண்டியதில்லை," என்றார் பரீட்சகர். "பிறந்த நேரம் சொன்னவதான் பெத்தவ."

டாக்டர் மெய்யநாதன் மன்னிப்புக் கேட்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார். "பட்டம் வாங்கிக்க. ஆனா இந்த நிலையத்துல இனி உனக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. வேற எங்கயும் கிடைக்காதபடி பார்த்துக்கறேன். இந்தக் கூட்டுறவளுக்கும் இன்னைக்கோட சரி."

பொன்னுத்தாயி துடைப்பத்தை எடுத்து அவர் காலடியில் போட்டாள். "கூட்டிக்கங்க சார். வாசலைப் பார்த்துக் கூட்டுங்க. உங்க தூசியில எடுக்க ஒண்ணும் இல்லை."

பெத்தாச்சி விலகி அவளுக்கு வழி விட்டான். 

நாச்சியம்மை டாக்டரின் சட்டைப் பையிலிருந்து அவர் பேனாவை எடுத்தாள். பரீட்சகர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே, சாட்சி என்று குறித்து, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். பேனாவுக்கு மூடி போட்டு அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"கையெழுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தீகளே டாக்டர். போட்டுட்டேன்."

பரீட்சகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புத்தகத்தை விரித்து வைத்தார். நிலைப்படிக்கு வெளியே இன்னும் நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்து, அதே கடுமையான குரலில் சொன்னார்.

"அங்க நின்னா எனக்குக் கேட்காது. உள்ள வாங்க. மூணாவது அத்தியாயத்துல இருந்து தொடங்குவோம்."